அரண்மனை நிழலில் ஒரு கவிஞர்

(திருவட்டாறு கிளையின் சார்பில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்தின் தொடக்கத்தில் இந்த ஊர் இளந்தோழர் ஒருவர் என்மீது ஒரு வரவேற்புப் பா படித்தார். இந்த உரையை ஏட்டில் படிக்கின்ற உங்களுக்கு அதைக் கேட்கும் வாய்ப்பில்லை. வருந்த வேண்டாம், அது உங்கள் நல்வாய்ப்பு. அந்தப் பாவிலே நான் இமயமாக இருந்தேன். அடுத்த அடியில் எரிமலையானேன். அதற்கடுத்த அடியில் ஏழைகளின் நிழல்தரு மரமானேன். மலையாகவும் நெருப்பாகவும் மரமாகவும் ஒரே மாலைப்பொழுதில் மாறுவது என்போன்றவர்க்கு எளிதன்று. மேடையிலே நாற்காலியின் விளிம்பில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நெளிந்தது உடம்பு, உள்ளம் நெளியவில்லை. உள்ளத்துக்கு அது இனித்தது. அந்த இனிப்புத்தான் என்னை அச்சுறுத்தியது.

கிளை அமைப்பைப் பற்றிப் பேசுவதற்காக வந்தவன் நான். குறிப்பு கூட எழுதிக் கொணர்ந்திருந்தேன். அந்தப் பாவைக் கேட்டபின் குறிப்பை மடித்துப் பையிலே வைத்துவிட்டேன். புகழ்பாடியே வளர்ந்து, புகழ்பாடப்பட்டவராலேயே வீழ்த்தப்பட்டு, மறுபடியும் புகழ்பாடியே எழுந்த ஒரு பெருங்கவிஞரின் கதையை உங்களிடம் சொல்ல வேண்டுமென்று தோன்றியது. அவர் தமிழ்க்கவிஞர் அல்லர். மலையாளத்திலும் வடமொழியிலும் பாடியவர். ஆயினும் நமக்கு அந்நியரல்லர். எந்த அரியணை அவரை உயர்த்தித் தாழ்த்தியதோ, அதே அரியணையின் கீழ்த்தான் உங்கள் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் வரி கட்டினார்கள்.

இந்தத் திருவட்டாற்றை எண்ணிப் பாருங்கள். ஆறு வட்டமிட்டுச் செல்வதாலே வந்த பெயர். நம்மாழ்வார் பாடிய ஊர். இங்கே பள்ளிகொண்டிருக்கும் ஆதிகேசவப் பெருமாளைத் தங்கள் குலத்துக்கு உரியவராகப் போற்றியவர்கள் திருவிதாங்கூர் மன்னர்கள். அவர்களுடைய பழைய தலைநகராகிய பத்மநாபபுரமோ கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க அண்மையிலே இருக்கிறது. 1750ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமியின் திருவடியிலே வைத்துவிட்டு, இனி நான் அரசன் அல்லன், ஆண்டவனின் அடியான் என்று அறிவித்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். பக்திச் செயல் என்று அதைப் போற்றுவோர் உண்டு. நான் அந்த ஆராய்ச்சிக்குள் போகவில்லை. ஆனால் அரசியல் கண்ணோட்டத்திலே அதன் விளைவு என்ன என்பதை நாம் பார்க்கத்தான் வேண்டும். அரசன் ஆண்டவனின் அடியான் என்றாகிவிட்டால், அரசனுக்குப் பிடிக்காதவன் யார்? ஆண்டவனுக்கே பகைவன்! அரசனிடம் முறையிடுவதற்கு மேல் முறையிட இடம் ஏது? 

அந்தக் காலத்திலேயே அதன் கடுமையைக் கண்ட ஒருவர் நம் பகுதிக்காரர். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்டவர்மரின் அரண்மனையிலே பணியாற்றிய அதிகாரி. கிறித்துவத்தைத் தழுவித் தேவசகாயம் என்று பெயர் பூண்டார். 1749இல் சிறைப்பட்டார்; 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் உரோமையிலே அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அரண்மனையின் அருளிலே இருந்தவன் அரண்மனையின் சினத்துக்கு ஆளானால் என்ன ஆகும் என்பதை நாஞ்சில் நாட்டு மண் அன்றே பார்த்துவிட்டது.

நான் சொல்ல வந்த கவிஞர் அதற்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்டவர். கேரளவர்மா வலிய கோயில் தம்புரான் என்பது அவர் பெயர். 1845இல் சங்கனாச்சேரியிலே பிறந்தவர். பதினான்கு வயதிலே, 1859இல், திருவிதாங்கூர் அரச குடும்பத்து ராணி லட்சுமிபாய்க்கு மணமகனானார். ராணிக்கு அப்போது வயது பதினொன்று.

மணமகன் என்றேன். ராணியின் கணவர் என்றவுடன் உங்களுக்கு என்ன தோன்றும்? பாதி ராஜா என்று தோன்றும். அதுதான் இல்லை! மருமக்கள் வழியை நாஞ்சில் நாட்டாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கவிமணி அதைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பாடியே வைத்திருக்கிறார். திருவிதாங்கூர் அரச குடும்பத்திலே பட்டம் பெண்வழியாகச் சென்றது. மன்னருக்குப் பின் மன்னரின் மகன் அல்லன். தம்பியோ மருமகனோ வருவார். ராணியின் கணவருக்குப் பெயர் கோயில் தம்புரான். அவருக்கு மாளிகை உண்டு, மானியம் உண்டு, மரியாதை உண்டு; அதிகாரம் என்று ஒரு குன்றிமணி அளவும் இல்லை. மணவுறவே கூட அரண்மனையின் விருப்பத்தைப் பொறுத்தது. வேண்டாம் என்று மன்னர் கருதினால், அந்த உறவை முறித்து வேறொருவரை அந்த இடத்தில் அமர்த்த வழக்கத்திலே வழி இருந்தது. பொற்கூண்டு என்பார்களே, அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கூண்டுக்குள்ளே அந்த இளைஞர் அருமையாக வளர்ந்தார். வடமொழியைக் கரைத்துக் குடித்தார். ஆங்கிலம் கற்றார். 1860இல் பட்டமேறியிருந்த ஆயிலியம் திருநாள் மகாராஜா அவரிடம் பேரன்பு காட்டினார். பள்ளிப் பாடநூல்களை உருவாக்கும் குழுவுக்குத் தலைவராக்கினார். தம்புரான் அதை அலங்காரப் பதவியாகக் கொள்ளவில்லை. மலையாள உரைநடைக்குப் பாடநூல்களின் வாயிலாக ஓர் ஒழுங்கான உருவத்தைத் தந்தவர் அவரே என்பதை அந்த மொழியின் வரலாற்றை எழுதுவோர் ஒப்புகின்றனர். திறமை இருந்தது. உழைப்பு இருந்தது. இவற்றையெல்லாம் தாங்கி நின்ற தூண் ஒன்றே ஒன்று: மகாராஜாவின் முகமலர்ச்சி.

1875. முகம் சுருங்கியது.

ஏன் சுருங்கியது? அரண்மனைப் பகை என்பது ஆற்றிலே கலந்த நஞ்சு போன்றது. எங்கே கலந்தது என்று சுட்டிக்காட்ட முடியாது. மகாராஜாவுக்கும் அவருடைய இளவல் விசாகம் திருநாளுக்கும் ஒத்துவரவில்லை. தம்புரானோ இளவலுக்கு நண்பர். அண்ணனும் தம்பியும் பகைத்துக்கொண்ட வீட்டிலே இருவருக்கும் நண்பனாக இருப்பவனுடைய நிலை என்ன என்பதை நீங்கள் உங்கள் ஊர்களிலேயே பார்த்திருப்பீர்கள். அங்கே ஐயம் எழுந்தது. ஐயத்துக்கு நெய் வார்க்க அரண்மனையிலே ஆட்களுக்கா பஞ்சம்? மகாராஜாவுக்கு எதிராகச் சதி செய்தார் என்று பேச்சுக் கிளம்பியது. கைது செய்தார்கள். மன்றத்திலே நிறுத்தி, சாட்சி கேட்டு, தீர்ப்புரைத்து அளித்த தண்டனை அன்று அது, அரச ஆணை. முதலில் ஆலப்புழையிலே ஓராண்டுக்கு மேல் அடைத்து வைத்தனர். பிறகு அரிப்பாட்டிலே, அனந்தபுரத்து அரண்மனையிலே, காவலில் வைத்தனர். மொத்தத்தில் ஐந்து ஆண்டுகள். முப்பது வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை, ஒரு கவிஞனுடைய வாழ்விலே இருக்கின்ற செழித்த காலம் அது.

இதே மகாராஜாவிடம் திவானாக இருந்தவர் சர் டி. மாதவராவ். திருவிதாங்கூர் ஆட்சியைச் சீர்திருத்தியவர் என்று பெயர் பெற்றவர். அவரிடத்திலும் மகாராஜாவுக்குக் கசப்பு உண்டாயிற்று. 1872இல் அவரும் விலக நேர்ந்தது. விலகிய மாதவராவ் என்ன ஆனார்? இந்தூருக்குப் போனார்; திவானானார். தம்புரான் சிறைப்பட்ட அதே 1875ஆம் ஆண்டிலே பரோடாவுக்குத் திவானாகப் போனார்! ஒரே மன்னரின் கோபம். ஒருவருக்கு அது மற்றோர் உத்தியோகம். மற்றவருக்கு அது காவல் வீடு. ஏன் இந்த வேறுபாடு? மாதவராவுக்கு வெளியேறுவதற்கு ஒரு வாசல் இருந்தது. தம்புரானுக்கு மனைவி அரண்மனை, வீடு அரண்மனை, உணவு அரண்மனை, பாட்டுக்குக் கேட்பவரும் அரண்மனை. வாசலே வைக்காமல் கட்டப்பட்ட வாழ்க்கை!

அரிப்பாட்டிலே அவர் என்ன செய்தார்? கவிஞர் அல்லவா, எழுதினார். வடமொழியிலே எழுதினார். ஒரு நூலின் பெயர் ‘க்ஷமாபண சகஸ்ரம்’. பொருள் என்ன தெரியுமா? மன்னிப்பு வேண்டும் ஆயிரம். தோழர்களே, அந்தப் பெயரைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மன்னிப்பு என்று ஒருமுறை கேட்டாலே நம்மில் பலருக்கு நா கூசுகிறது. அங்கே ஒரு பெரும்புலவர், மொழியின் கொடுமுடியைத் தொட்டவர், தம் புலமை முழுவதையும் திரட்டி ஒரு மனிதரை நோக்கி மன்னிப்பு, மன்னிப்பு என்று ஆயிரம் என்னும் பெயரால் அடுக்குகிறார். அவர் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இருந்த இடத்திலே நின்று பார்த்தால், அவருக்குத் தெரிந்திருந்த மொழி அதுதான். இன்னின்னது என் மேல் குற்றச்சாட்டு, இன்னின்னது என் மறுப்பு, விசாரியுங்கள் என்று கேட்பது உரிமை உடையவனின் மொழி. தயவிலே வளர்ந்தவனுக்குத் தயவின் இலக்கணம் மட்டுமே கற்பிக்கப்பட்டிருக்கிறது. 

மன்னிப்புக் கிடைக்கவில்லை. மகாராஜா மனம் இளகவில்லை. பிறகு தம்புரான் மற்றொரு நூல் எழுதினார். ‘யமப் பிரணாம சதகம்’. எமனுக்கு வணக்கம் நூறு! அரசனைக் கெஞ்சிப் பார்த்தவர், எமனைக் கெஞ்சத் தொடங்கினார். அதை முடித்ததும் மகாராஜா மறைந்தார் என்று மக்கள் ஒரு கதை சொல்வார்கள். பாட்டு எமனை அழைத்து வந்தது என்பதை நம்ப நான் ஆயத்தமாக இல்லை. அப்படி ஒரு பாட்டு இருந்திருந்தால் உலக வரலாற்றிலே கொடுங்கோலர் பலர் குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கதையை மக்கள் ஏன் புனைந்தார்கள் என்பதைப் பாருங்கள். அந்த ஆட்சி முறையிலே நீதி கிடைக்க வேறு வழி எதுவும் மக்கள் கற்பனைக்கும் எட்டவில்லை! அரசன் மனம் மாற வேண்டும். அல்லது அரசன் சாக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

கடல் கடந்த நாட்டிலும் கதை இதுவேதான். இங்கிலாந்திலே டியூடர் குலத்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அவையிலே தாமஸ் வயட் என்று ஒரு கவிஞர் இருந்தார். மன்னருக்குத் தூதராகப் பல நாடுகள் சென்றவர். இத்தாலிய நாட்டுப் பதினான்கடிப் பாவகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வர். 1536 மே மாதம், ராணி ஆன் பொலினை மன்னர் வெறுத்து ஒழிக்கத் தலைப்பட்டபோது, வயட்டையும் பிடித்து இலண்டன் கோட்டைச் சிறையிலே அடைத்தார்கள். ராணியோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து ஆடவர் தலை இழந்தனர். இரண்டு நாள் கழித்து ராணியும் தலை இழந்தார். வயட் தப்பினார். 1541இல் மீண்டும் துரோகக் குற்றச்சாட்டு, மீண்டும் அதே சிறை, மீண்டும் விடுதலை. விடுதலை பெற்றவர் என்ன செய்தார்? மன்னரின் பணிக்கே திரும்பினார். 1542இல் வெளிநாட்டுத் தூதரை எதிர்கொள்ள மன்னர் ஆணையிட்டார் என்று விரைந்து போகும் வழியிலே காய்ச்சல் கண்டு மாண்டார்.

வயட்டுக்கு இளைய கவிஞர் சர்ரே பிரபு. அவருக்கு அந்தத் தப்பும் வாய்க்கவில்லை. 1547 சனவரி 19ஆம் நாள் அவருடைய தலை வெட்டப்பட்டது. ஒன்பதே நாள்! சனவரி 28ஆம் நாள் மன்னர் ஹென்றியே இறந்துபோனார். ஒன்பது நாள் முன்னதாக எமன் வந்திருந்தால் ஒரு கவிஞன் பிழைத்திருப்பான். திருவிதாங்கூரிலே எமனுக்கு வணக்கம் நூறு பாடிய தம்புரானை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பது நாள் நினைவுக்கு வருகிறது.

தம்புரானின் கதைக்குத் திரும்புகிறேன். அந்த அரண்மனையிலே ஒருவர் மட்டும் வளையவில்லை. கவிஞர் அல்லர், திவான் அல்லர், படைத்தலைவர் அல்லர். ராணி லட்சுமிபாய்! கணவரைச் சிறையிலே வைத்த மகாராஜா, அந்த உறவை முறித்துவிடுமாறு ராணியை வற்புறுத்தினார். ராணி மறுத்துவிட்டார். மகாராஜாவின் அரண்மனையிலே, மகாராஜாவின் குடும்பத்திலே, மகாராஜாவின் தயவிலே இருந்துகொண்டு, கணவருக்குக் குற்றவாளி என்று பெயர் சூட்டப்பட்டிருந்த அந்த ஆண்டுகளிலே, இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர் முடியாது என்றார். ஐந்து ஆண்டுகளும் முடியாது என்றார். 1881இல் பிரித்தானியப் பேரரசி விக்டோரியாவின் பெயரால் அவருக்கு இந்திய மகுடப் பட்டம் அளிக்கப்பட்டது. பட்டத்தை விடுங்கள், பட்டங்கள் யார் யாருக்கோ கிடைக்கின்றன. நூல்களிலே இந்த நிகழ்ச்சியைப் பத்தினித்தன்மை என்னும் ஒரு சொல்லிலே அடக்கிவிடுகின்றனர். எனக்கு அது போதவில்லை. அந்த அவையிலே இருந்த ஆண்கள் அத்தனை பேரும் மன்னரின் முகத்தைப் பார்த்துத் தத்தம் வாயைத் திறந்தும் மூடியும் வந்த காலத்திலே, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பேசிய ஒரே ஆள் அவர் என்றுதான் நான் சொல்வேன்.

அரிப்பாட்டுக் காவல் வீட்டிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. தம்புரானின் மருமகப் பிள்ளை ஒருவன் அங்கே மாமனிடம் பாடம் கேட்டான். அந்தச் சிறுவன்தான் பின்னாளிலே ‘கேரள பாணினீயம்’ என்னும் இலக்கணம் எழுதிய ஏ. ஆர். ராஜராஜவர்மா. வளர்ந்த பிறகு, செய்யுளிலே எதுகை கட்டாயமா என்னும் வழக்கிலே மாமனுக்கு எதிராகவே நின்றான் அந்த மருமகன்! காவலிலே இருந்த ஆசிரியர் தம்மை மறுத்துப் பேசக்கூடிய மாணவனை உருவாக்கினார். தம்புரானிடம் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மன்னரை மறுக்க அவரால் முடியாமற் போயிருக்கலாம். தம்மை மறுத்தவனை அவர் காவலில் வைக்கவில்லை.

1880 மே மாதத்தில் ஆயிலியம் திருநாள் மறைந்தார். விசாகம் திருநாள் பட்டமேறினார். தம்புரான் விடுதலையானார். பழைய மரியாதைகள் திரும்பின. அதே மூச்சில் மற்றொரு மாற்றமும் நடந்தது. பழைய மகாராஜாவிடம் 1877 முதல் திவானாக இருந்தவர் நம் அண்டையூராகிய நெய்யூரின் நாணு பிள்ளை. புதிய மகாராஜா வந்தார், நாணு பிள்ளை போனார், ராமய்யங்கார் திவானானார். ஏற்றச்சாலின் ஒரு முனை மேலே வந்தால் மறுமுனை கீழே போகத்தானே வேண்டும்? நீதி கிடைத்தது என்று யாரும் சொல்லவில்லை. நீர் இறைத்த கை மாறியது, அவ்வளவுதான்.

விடுதலையான கவிஞர் என்னென்ன எழுதினார்? 1882இல் காளிதாசனின் சாகுந்தல நாடகத்தை மலையாளத்தில் தந்தார். கேரள காளிதாசர் என்று பெயர் பெற்றார். சிறைக்காலத்தை வைத்து ‘மயூர சந்தேசம்’ எழுதினார். அரிப்பாட்டு முருகன் கோயில் மயிலைத் திருவனந்தபுரத்திலிருக்கும் மனைவியிடம் தூது விடுவதாக அமைந்த நூல். அதை எழுதிய ஆண்டு 1894. சிறை நீங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆனபின்! சிறை வைத்த மகாராஜாவும் இல்லை, விடுதலை செய்த மகாராஜாவும் இல்லை. மூன்றாம் மகாராஜா மூலம் திருநாள் ஆண்டுகொண்டிருந்தார். தன் துயரத்தைத் தன் மொழியிலே பாட, ஒரு கவிஞனுக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின. இன்னொரு நூலும் எழுதினார், வடமொழியிலே, பெருங்காப்பியமாக. அதன் பெயர் ‘விசாக விஜயம்’. விசாகம் திருநாளின் வெற்றி! ஒரு மன்னரின் தயவு சிறையிலே தள்ளியது. மறு மன்னரின் தயவு வெளியே எடுத்தது. தயவு ஆபத்தானது என்று அவர் முடிவுக்கு வரவில்லை. அடுத்த தயவுக்குக் காப்பியம் பாடினார்.

நான் எள்ளி நகையாடவில்லை, தோழர்களே. நம் சங்கப் புலவர்களும் பரிசிலுக்குப் பாடினவர்கள்தாம். வயிறு அவர்களுக்கும் இருந்தது. ஆனால் கால்கள் அவர்களுடையனவாக இருந்தன. இளவெளிமான் மதிக்காமல் பரிசில் கொடுத்தான் என்று பெருஞ்சித்திரனார் அதை உதறிவிட்டுக் குமணனிடம் நடந்தார். அங்கே பெற்ற யானையைக் கொண்டுவந்து இளவெளிமானுடைய காவல் மரத்திலேயே கட்டிக் காட்டினார் என்று புறநானூறு காட்டுகிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். தம்புரான் மேல் விழுந்த அதே வகை ஐயம்! கோவூர் கிழார் இடையிலே புகுந்தார். புலவர் வாழ்க்கை யாருக்கும் தீங்கு நினையாத வாழ்க்கை என்று எடுத்துரைத்தார். இளந்தத்தன் உயிர் தப்பினான். திருவனந்தபுரத்திலே தம்புரானுக்காக நெஞ்சு நிமிர்த்திப் பேச, ராணியைத் தவிர, எத்தனை கோவூர் கிழார்கள் இருந்தார்கள்? ஊர் முழுதும் புலவர்கள் இருந்தனர். ஆனால் எல்லோருக்கும் ஒரே பண்டாரத்திலிருந்து அரிசி போயிற்று.

அந்தப் பண்டாரத்தின் தயவை வேண்டாத ஒருவர் முப்பது ஆண்டுகள் கழித்து வந்தார். நெய்யாற்றின்கரையிலே பிறந்த கே. இராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் மௌலவி என்னும் பெருமகன் நடத்திய ‘சுதேசாபிமானி’ ஏட்டின் ஆசிரியர். திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைத் தாக்கி எழுதினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். திருநெல்வேலியிலே கொண்டுபோய் விட்டார்கள். இங்கும் வழக்கு மன்றம் இல்லை; அரச ஆணைதான். ஐந்தரை ஆண்டுகள் அயல் நிலத்திலே நோயோடும் வறுமையோடும் வாழ்ந்தார். மன்னிப்பு வேண்டும் ஆயிரம் அவர் பாடவில்லை. தாம் நாடு கடத்தப்பட்ட கதையைத் தாமே நூலாக எழுதினார். 1912இல் கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். 1916இல் கண்ணூரிலே, திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, மாண்டார். கேரளவர்மா தம்புரான் அவருக்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1914இல், காயங்குளத்தருகே மோட்டார் வண்டி கவிழ்ந்து அடிபட்டு மறைந்தார். சுதேசாபிமானியை நாடு கடத்திய நாளிலே, அரச ஆணையால் அடைபட்டுக் கிடந்த அனுபவம் உடைய அந்த முதுகவிஞர் உயிரோடு இருந்தார், மரியாதையோடு இருந்தார். அவர் உள்ளத்தில் அன்று என்ன ஓடியிருக்கும் என்பதைத்தான் நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

மன்னர்கள் போய்விட்டனர். 1949 சூலையிலே திருவிதாங்கூர் தனி நாடாக இருந்த கதை முடிந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகத்தீசுவரமும் தமிழகத்தோடு இணைந்தன. அதற்காகக் குண்டடிபட்டு விழுந்தவர்களின் மண் இது. பின், இந்தப் பழங்கதை எதற்கு என்று ஒரு தோழர் பின்வரிசையிலே கேட்பது எனக்குக் கேட்கிறது.

கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பகுதிக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். அங்கே ஒரு தோழர் நன்றாக உழைப்பவர். மேடையிலும் நன்றாகப் பேசுவார். எனக்கு வேண்டாத ஒருவரோடு அவர் நெருக்கமாக இருக்கிறார் என்று யாரோ வந்து என் காதிலே ஓதினார்கள். நான் விசாரிக்கவில்லை. அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. அடுத்த கூட்டத்து விளம்பரத் தாளிலே அவர் பெயரை அடித்துவிட்டேன். அதற்கடுத்த கூட்டத்திலும் அடித்தேன். அவர் எனக்குக் கடிதம் எழுதினார். என்மேல் என்ன குற்றம் என்று அந்தக் கடிதத்திலே ஒரு வரி கூட இல்லை. தெரிந்தோ தெரியாமலோ ஏதேனும் பிழை செய்திருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று எழுதியிருந்தார். இன்னொரு கடிதம் வந்தது. இன்னும் ஒன்று வந்தது. தோழர்களே, அந்தக் கடிதங்களை நான் இரண்டு முறை படித்தேன். பதில் எழுதுவதற்காக அல்ல. படிக்க இனித்தது! மார்த்தாண்டத்துச் சந்தையிலே வாங்கிய மரப் பெட்டி ஒன்றிலே அவற்றை வைத்துப் பூட்டியும் வைத்தேன். க்ஷமாபண சகஸ்ரத்தை ஆயிலியம் திருநாள் எப்படிப் படித்திருப்பார் என்பதை நான் எந்த நூலிலும் தேட வேண்டியதில்லை.

அந்தத் தோழர் பிறகு அமைப்பை விட்டே விலகிவிட்டார். காதிலே ஓதிய செய்தி பொய் என்பது எனக்கு மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தார். அண்ணே, நீங்கள் வந்ததே போதும் என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்க விடவில்லை. பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டார்.

ஆகவே, வரவேற்புப் பா படித்த என் அருமைத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். உன் எழுத்து நன்றாக இருக்கிறது. கை நடுங்காமல் எழுதுகிறாய். அடுத்த திங்கள் நான் மறுபடியும் இந்த ஊருக்கு வருகிறேன். அன்று பா வேண்டாம். கிளையின் வரவு செலவு ஏட்டையும், சென்ற ஆண்டு பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டவர்களின் பெயர்களையும் எடுத்துக்கொண்டு மேடைக்கு வா. யாரை, யார், என்ன காரணத்தால் நீக்கினார்கள், அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்களா என்று ஒவ்வொரு பெயராகப் படித்து என்னிடம் கேள். விடை சொல்லும் வரை இந்த மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கடைசிப் பேருந்து தவறினாலும் கவலையில்லை. தொடுவட்டி வரையில் நடந்து பழக்கம் உண்டு.